ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

இயற்கையைச் சிதைக்காத வாழ்வு செல்வர்க்கு மட்டுமே கைகூடுவதா, வறியோர்க்கும் எட்டுவதா? இவ்வினாவுக்குச் செங்கல்லாலும் மண்ணாலும் விடை கண்டவர் லாரி பேக்கர்.

1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த பேக்கர், குவேக்கர் சபையைச் சார்ந்த கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1945-இல் இந்தியா திரும்பித் தொழுநோயாளர்க்கு இல்லங்கள் அமைத்தார். பின்னர் இமயமலைச் சிற்றூர்களில் வாழ்ந்தபோது, அங்குள்ள கொத்தர்களின் கைத்திறனே அவருக்குப் பாடநூலாயிற்று.

1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறிய அவரிடம், ஏழைகளுக்குச் சிக்கன வீடுகள் வேண்டுமென மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் கேட்டார். பேக்கர் கையாண்ட முறைகள் எளியவை. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறிக் கட்டு' ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும்; வெற்றிடத்துக் காற்று வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் கூரையின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் இரும்பும் குறையும். இவ்விரண்டையும் வாங்கும் பணம் தொலைவிலுள்ள ஆலைகளுக்குச் செல்லும். இங்கு மிச்சமான பணமோ உள்ளூர்க் கொத்தனாரின் கூலியாயிற்று.

இம்முறைகளை அவர் ஏழைகளுக்கென ஒதுக்கிவிடவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இயேசு சபையாரின் லொயோலா சிற்றாலயத்தில் ஒளியும் காற்றும் வழங்கும் துளைச் செங்கற்சுவரே, பூந்துறை மீனவர் குடியிருப்பிலும் கடற்காற்றை உள்ளே அழைத்தது. அறிஞர்கள் பயிலும் வளர்ச்சி ஆய்வு மையமும் பூச்சில்லாச் செங்கல்லால் எழுந்தது. இப்பணியைப் பரப்ப 1985-இல் 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் நிறுவனம் தோன்றியது. பேக்கர் 2007-இல் மறைந்தார்.

இன்று பூசாத செங்கற்சுவர் செல்வர் மாளிகைக்கு அழகு. அதுவே ஏழையின் வீட்டில் இருந்தால், பணம் போதாமல் நின்றுபோன வேலை என்று ஊரார் எண்ணுகின்றனர். அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் கடன்பட்டுச் சிமெண்ட் பூசுகின்றனர். மாற வேண்டியது அவர்கள் சுவரா, நம் பார்வையா? ஆலயம், பள்ளி, இல்லம் எனப் புதிதாக எதை எழுப்பினாலும், வசதியுள்ளோர் முதலில் எளிமையைத் தேர்ந்தால், எளியோர் அதை நாணமின்றி ஏற்பர்.