ஆர்டுயினோ பலகையில் பென்டிரைவ் வேலை செய்யுமா?

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் மாணவர் ஒருவர் மின்னணு உதிரிப்பாகம் வாங்க, குறிகட்டுவானுக்குப் படகில் வந்து அங்கிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். தவறான பலகையை வாங்கிவிட்டால் மறுபடியும் அதே பயணம். பென்டிரைவையோ விசைப்பலகையையோ இணைக்க விரும்புவோர் முன்கூட்டியே அறிய வேண்டியவை இவை.

யூஎஸ்பி இணைப்பில் இரு தரப்பும் சமமல்ல. கேள்வி கேட்பது 'ஹோஸ்ட்'. கேட்டால் மட்டும் பதில் சொல்வது 'டிவைஸ்'. கணினி ஹோஸ்ட். பென்டிரைவ், மவுஸ் போன்றவை டிவைஸ்கள். ஆர்டுயினோ ஊனோவும் கணினிக்கு ஒரு டிவைஸ்தான். அதில் பென்டிரைவைச் செருகினால் முதலில் பேச ஆளில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஊனோ ஏற்கெனவே கையில் இருந்தால், மேக்ஸ்3421இ சிப் உள்ள 'ஹோஸ்ட் ஷீல்ட்' ஒன்றை அதன்மேல் பொருத்தலாம். அது எஸ்பிஐ வழியாகப் பேசும். 9, 10ஆம் பின்களையும் எடுத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவதானால் ஹோஸ்ட் வசதி சிப்பிலேயே உள்ள பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ, இஎஸ்பி32-எஸ்2, இஎஸ்பி32-எஸ்3 ஆகியன அத்தகையவை. பெயர் ஒத்திருந்தாலும் பழைய இஎஸ்பி32இல் இவ்வசதி இல்லை.

அடுத்தது மின்சாரம். டிவைஸுக்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டியது ஹோஸ்டின் பொறுப்பு. யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு டிவைஸ் 500 மில்லிஅம்பியர் வரை கேட்கலாம். எல்லாப் பலகைகளும் தமது யூஎஸ்பி துளை வழியாக 5 வோல்ட்டை வெளியே தருவதில்லை. சிறிய வகை ஹோஸ்ட் ஷீல்டுகளில் 3.3 வோல்ட் மட்டுமே வருவதுண்டு. அப்போது 5 வோல்ட்டைத் தனியாக இணைக்க வேண்டும்.

மூன்றாவது மென்பொருள். விசைப்பலகை, கேம் கன்ட்ரோலர் போன்றவற்றுக்கு ஆயத்த லைப்ரரிகள் உள்ளன. பென்டிரைவுக்கு அதன் கோப்பு முறைமையையும் கையாள வேண்டும். ஊனோவின் ரேம் 2 கிலோபைட் மட்டுமே. பென்டிரைவின் ஒரு செக்டரே 512 பைட். எனவே பென்டிரைவுக்கு ஊனோவை நம்பாமல் பிக்கோ அல்லது எஸ்3ஐ நாடுவதே நல்லது.

கிணற்று நீரின் உவர்ப்பை நாள்தோறும் பதிவுசெய்வதுபோல, தரவைச் சேமிப்பது மட்டுமே நோக்கமென்றால் யூஎஸ்பி ஹோஸ்டே தேவையில்லை. சிறிய எஸ்டி கார்டு மொடியூல் ஒன்று போதும். செலவும் மின்சாரமும் குறையும். சிப், 5 வோல்ட், லைப்ரரி ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.