பிரேதம்

சின்னசேலம் பக்கம் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் யாராவது அடிபட்டு இறந்தால், நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: உடல் ‘பிரேத பரிசோதனைக்காக’ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. பிரேதத்தின் வேர் உடலைச் சுட்டவில்லை. ‘ப்ர’, ‘இத’ சேர்ந்த வடசொல் அது. போய்விட்டவர் என்று பொருள். சடங்கில், பிதிரர் வரிசையில் சேரும்வரை அலையும் உயிருக்கு அந்தப் பெயர். பேச்சுத்தமிழில், போனவர் விட்டுப்போன உடலின் பெயராகிவிட்டது. பிரேத பரிசோதனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆட்டாப்சி’ கிரேக்கத்தில் ‘தன் கண்ணால் காண்பது’; வேலைக்கு அதுவே பொருத்தம். நடந்து போனவரின் காலெலும்பு எந்த உயரத்தில் முறிந்தது, சிராய்ப்பு எந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது, சீட் பெல்ட் தடம் வலத்தோளிலா (நம் ஊர்க் காரின் முன் இருக்கையென்றால் ஓட்டியவர்) இடத்தோளிலா என்று பார்ப்பதுதானே அது! தமிழில் ‘பிணக்கூறாய்வு’ துல்லியம்தான், ஆனால் சவக்கிடங்கு வாசலில் நிற்கும் அண்ணன் தம்பியிடம் யார் அதைச் சொல்வது? ‘உடற்கூறாய்வு’ உடற்கூறியலோடு குழம்பும். இருந்தாலும் நான் அதைத்தான் எழுதுகிறேன். ஊரில் கேட்டால் ‘போஸ்ட்மார்ட்டம்’தான், ‘இறந்த பின்’ என்பதற்கு மேல் அந்த லத்தீனில் ஒன்றுமில்லை.