அணையோரத்து முகாம்கள்

ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய கெலவரப்பள்ளி அணையருகே ஓர் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணையருகே இன்னொன்று. 2004 வரை கிருஷ்ணகிரியோடு ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரியில் நாகாவதி, தும்பலஹள்ளி, வாணியாறு, சின்னாறு என்று முகாம்களின் பட்டியலே அணைகளின் பட்டியலாக நீள்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. 1990 ஜூனில் ஈழப்போர் மீண்டும் மூண்டதும் கடல் தாண்டி வந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்தைக் கடந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்து உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு உடனே ஓர் இடம் வேண்டியிருந்தது. அணையோரத்தில் அரசு நிலம் இருந்தது. யாரிடமும் விலை பேச வேண்டாம், ஊரும் சற்று எட்டியே இருக்கும். அவசரத்தில் எடுத்த முடிவு என்ற அளவில் அதில் குறை காண ஒன்றுமில்லை. அந்த அவசர ஏற்பாட்டின் மீதே மூன்று தலைமுறையை வாழவிட்டதுதான் குறை.

உதவி சிறிதாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை, தலைக்கு இவ்வளவு என்று பணக்கொடை, கிலோ 57 காசுக்கு அரிசி, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை. செலவை மத்திய அரசு ஏற்க, நடத்தியது மாநில அரசு. 1980-களில், தாமும் ஏதிலியாக வந்த சந்திரஹாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள், அகதிகளே அகதிகளுக்குப் பாடம் சொல்லவும் மருந்து கொடுக்கவும் வழி செய்தன. ஆனால் கொடையோடு கண்காணிப்பும் ஒட்டியே வந்தது. கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தார் நேரில் நின்றாக வேண்டும். இல்லாதவரின் பதிவு வெட்டுப்படும். தமிழக உளவுக் காவலான க்யூ பிரிவின் காவலர் விசாரிப்பார். வெளியூரில் தங்கி வேலை பார்க்கிறவருக்கு அந்த ஒரு நாள் கூலியும் போய், பேருந்துச் செலவும் சேரும். பசியைத் தீர்க்க வந்த பணம், ஆளை முகாமிலேயே கட்டிவைக்கும் கயிறாகவும் ஆனது.

இந்தக் கட்டு எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஓசூரில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. 1970-களில் சிப்காட் இங்கே வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. போர் ஏதிலிகளை உருவாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்த எல்லைப்புறம் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. இன்று பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இல்லாமல் இங்கே தொழில் நடக்காது; 2022-இல் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஜார்க்கண்டிலிருந்தே பெண்களை வேலைக்கு அழைத்து வந்தது. தமிழ் பேசுகிற, இங்கேயே படித்த முகாம் இளைஞருக்கு வாய்த்ததோ பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கும் வேலை. தமிழகம் முழுவதும் முகாம் ஆண்களின் தொழில் என்றால் அதுதான். சாரத்தில் தொங்கிச் சுவருக்குச் சாயம் பூசுகிறவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பட்டம் பெற்றாலும் அரசு வேலை கிடையாது. சொந்தப் பெயரில் நிலம் கிடையாது. திறமை இருந்தது, வேலையும் இருந்தது, நடுவே ஒரு காகிதம்தான் இல்லை.

முகாம் தற்காலிகம்தானே, போர் முடிந்தால் திரும்பப் போகிறவர்களுக்கு வேர் எதற்கு என்று கேட்கலாம். திரும்பிப் போனார்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நம்பிச் சுமார் 25,000 பேர். 1992 முதல் 1995 வரை 54,000-க்கு மேல். இரண்டு முறையும் பின்னாலேயே போர் வந்தது, 1996-லும் 2006-லும் புதிதாகப் படகுகள் வந்தன. ஒன்றை மறந்துவிடக் கூடாது: முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர், இங்கிருந்தே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழி வந்தவர்கள்; அவர்களுக்கு வேரே இங்குதான். பாதுகாப்பு என்பது அடுத்த வாதம். 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த அச்சம் இயல்பானது. ஆனால் சந்தேகத்துக்குரியவர்களை அடைக்க வேலூர்க் கோட்டை முதலிய இடங்களில் சிறப்பு முகாம்கள் தனியே இருந்தன. சந்தேகமே இல்லாத தாய்மாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் தொண்டு நிறுவனங்களின் உதவியிலிருந்து துண்டித்ததற்கும், கல்லூரிச் சலுகையைப் பறித்ததற்கும் பாதுகாப்பு விளக்கம் ஆகாது. அது தண்டனை.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இவ்வளவு செய்ததே பெரிது என்பவரும் உண்டு. அவர்கள் ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையைத் தாண்டிப் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மைசூர் மாநிலம் திபெத்தியருக்குப் பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டது. அவர்கள் காடு திருத்தினார்கள், பயிர் வைத்தார்கள், கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். அதே நாடு, உடன்படிக்கை இல்லாத அதே நிலை. ஆகவே சட்டம் இல்லாதது தடையாக இருக்கவில்லை. மனம் இல்லாததே தடை.

2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாயில் 7,469 வீடுகளையும் பிற வசதிகளையும் அறிவித்தது, பணக்கொடையையும் உயர்த்தியது. ஒழுகும் கூரைக்குக் கீழே முப்பது ஆண்டு இருந்தவருக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் வீட்டை மாநிலம் கட்டலாம், குடியுரிமையை மத்திய அரசுதான் தர முடியும். 2019-இன் குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படியே இந்தியர். அதற்குப் பின் முகாமில் பிறந்த அவர் தம்பிக்கும், அந்தத் தம்பியின் பிள்ளைக்கும் அதே உரிமையை நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தால் தர முடியும். தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதைக் கேட்க வேண்டும்.