அறிவியல் புனைகதைகளில் விண்பொருள் மோதல்

அறிவியல் புனைகதைகளில் விண்பொருள் மோதல் என்பது வால்வெள்ளி, சிறுகோள், நாடோடிக் கோள் ஆகியவற்றுள் ஒன்றால் புவிக்கு நேரும் பேரழிவைக் கருவாகக் கொண்ட கதை வகையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இக்கதைகள் அவ்வக்கால வானியல் கண்டுபிடிப்புகளை ஒட்டி எழுதப்பட்டு வருகின்றன. இவற்றின் பின்னணியாக அமைந்த வானியல் தேடலில் சென்னை, காவலூர் வான் ஆய்வகங்களுக்கும் பங்குண்டு.

வால்வெள்ளிகள்

1826 இல் கண்டறியப்பட்ட பியேலா வால்வெள்ளி, ஏறத்தாழ 6.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வந்தது. 1832 இல் அதன் பாதை புவியின் பாதைக்கு மிக அருகில் அமையும் எனக் கணிக்கப்பட்டதால் ஐரோப்பாவில் பெரும் அச்சம் பரவியது. ஆனால் வால்வெள்ளி கடந்து ஒரு மாதம் கழிந்த பின்னரே புவி அவ்விடத்தை அடைந்தது. இத்தகைய அச்சங்கள் நிலவிய காலத்தில், எட்கர் ஆலன் போ 1839 இல் எழுதிய கதையொன்றில், வால்வெள்ளி வளிமண்டலத்திலுள்ள நைட்ரசனை அகற்றிவிட, எஞ்சிய ஆக்சிசனில் உலகம் எரிந்து அழிகிறது.

பியேலா 1846 இல் இரண்டாக உடைந்தது. 1852 க்குப் பின் காணப்படவில்லை. நவம்பர் 27, 1872 அன்று அதன் சிதறல்கள் புவியில் எரிகல் மழையாகப் பொழிந்தன. வால்வெள்ளியே புவியை உரசிச் சென்றிருக்கக்கூடும் எனக் கருதிய செருமானிய வானியலாளர் கிளிங்கர்பூசு, தெற்கு வானில் அதைத் தேடுமாறு சென்னை வான் ஆய்வகத்தின் நார்மன் ராபர்ட் போக்சனுக்குத் தந்தி அனுப்பினார். போக்சன் டிசம்பர் 2, 3 ஆகிய நாட்களில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். எனினும் அது பியேலா அன்று, தற்செயலாக அத்திசையில் இருந்த வேறொன்று என்பது பின்னர் தெரியவந்தது.

நாடோடிக் கோள்கள்

எந்த விண்மீனையும் சுற்றாமல் விண்வெளியில் தனித்துச் செல்லும் கோள் நாடோடிக் கோள் எனப்படும். இவை கண்டறியப்படுவதற்கு வெகு காலம் முன்பே கதைகளில் இடம்பெற்றன.

- தி ஸ்டார் (1897): எச். ஜி. வெல்சு எழுதிய சிறுகதை. வெளியிலிருந்து வரும் பொருள் நெப்டியூனுடன் மோதி, எரிந்தபடி புவியை நெருங்கிக் கடக்கிறது. இந்தியச் சமவெளிகளும் வெள்ளத்தில் மூழ்குகின்றன. செவ்வாயில் வாழும் வானியலாளர்களுக்கோ புவியின் சேதம் மிகச் சிறியதாகவே தோன்றுகிறது.
- வென் வேர்ல்ட்ஸ் கொலைட் (1933): பிலிப் வைலி, எட்வின் பால்மர் எழுதிய நாவல். இரு நாடோடிக் கோள்களுள் ஒன்று புவியை அழிக்க, சிலர் மற்றொன்றில் குடியேறுகின்றனர். 1951 இல் திரைப்படமானது.
- எ பெய்ல் ஆஃப் ஏர் (1951): பிரிட்சு லைபர் எழுதிய சிறுகதை. ஒளியற்ற விண்மீன் ஒன்று புவியைக் கதிரவனிடமிருந்து இழுத்துச் செல்கிறது. உறைந்து கிடக்கும் காற்றை வாளியில் அள்ளி வந்து உருக்கி ஒரு குடும்பம் உயிர் வாழ்கிறது.

2000 ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கோள்கள் அகச்சிவப்புப் படங்கள் வாயிலாகவும், பின்னணி விண்மீனின் ஒளியைக் கோளின் ஈர்ப்பு வளைப்பதைக் கொண்டும் அறியப்படுகின்றன. 2013 இல் அறிவிக்கப்பட்ட ஒன்று வியாழனைப் போல் சில மடங்கு நிறையுடையது. அது 70 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. விண்மீன்களுக்கு இடையேயான வெளி மிகப் பரந்தது என்பதால் மோதலுக்கான வாய்ப்பு மிகவும் குறைவு. பெரிய கோள் எதுவும் கதிரவ மண்டலத்தை நெருங்கினால், புறக்கோள்களின் இயக்கத்தில் ஏற்படும் மாறுதல் அதை முன்கூட்டியே காட்டிவிடும்.

சிறுகோள்கள்

உண்மையான ஆபத்து சிறிய பொருட்களிலேயே உள்ளது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ராந்தேவூ வித் ராமா (1973) நாவலில், 2077 இல் இத்தாலியில் சிறுகோள் விழுந்து பேரழிவு நேர்வதாகவும், அதன் பின்னரே "இசுபேசுகார்ட்" என்னும் கண்காணிப்பு அமைப்பு நிறுவப்படுவதாகவும் எழுதினார். 1992 இல் நாசாவின் ஆய்வறிக்கை ஒன்று இப்பெயரையே ஏற்றுக்கொண்டது. அழிவுக்குப் பின் அமைந்த கதையின் காவல், நடைமுறையில் அழிவுக்கு முன்னரே தொடங்கியது.

இந்திய வானியற்பியலாளர் செயந்த் நார்லிகரின் வால்வெள்ளிக் கதையிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. அறிவியலாளர்கள் வால்வெள்ளியை விண்கலம் கொண்டு திசைதிருப்ப முயல்கையில், அதைக் கண்டுபிடித்தவரின் வீட்டிலோ தீமை நீங்க யாகம் நடைபெறுகிறது.

காவலூர்

சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தில் 1980களில் சிறுகோள்களைத் தேடும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. திருமாலின் பத்தாம் அவதாரத்தை ஒட்டி இதற்குக் கல்கி எனப் பெயரிடப்பட்டது. பிப்ரவரி 17, 1988 அன்று ஆர். இராசமோகன் இங்கு கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் (4130 இராமானுசன்) சூட்டப்பட்டது. போக்சன் 1885 இல் சென்னையில் 245 வேரா என்னும் சிறுகோளைக் கண்டறிந்த பின் நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு இது நிகழ்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் இச்சிறுகோளால் புவிக்கு ஆபத்து இல்லை.

செப்டம்பர் 26, 2022 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்பசு என்னும் சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்திற்கும் மேலாகக் குறைத்தது. விண்பொருள் ஒன்றின் பாதையை மனிதர் திட்டமிட்டு மாற்றியது இதுவே முதன்முறையாகும்.

இவற்றையும் பார்க்க

- வைணு பாப்பு வான் ஆய்வகம்
- சிறுகோள் பட்டை
- அறிவியல் புனைகதை