சிறு துவாரமும் பெரிய கோபமும்

பெரிய டாக்டர் என்றால் பெரிய வெட்டு என்று ஐரோப்பிய ரண சிகிச்சை நிபுணர்களிடையே ஒரு சொலவடை இருந்தது. வயிற்றை அகலத் திறந்து, கண்ணால் கண்டு, கையால் தொட்டு வேலை செய்கிறவரே கெட்டிக்காரர் என்பது அதன் பொருள். அதை வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது. 1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு, முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில், குடல்வால் நோய் முற்றிச் சீழ் கட்டிவிட்டது. பிரெடரிக் டிரீவ்ஸ் வயிற்றைக் கீறிச் சீழை வெளியேற்றினார். ஆகஸ்டு மாதம் மன்னர் முடி சூடிக்கொண்டார்.

இவ்வளவு நன்மை செய்த வெட்டு தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் கோபம் வராமல் இருக்குமா? சொன்னவர் ஜெர்மனியில் கீல் நகரத்துக் குர்ட் ஸெம். பெண்கள் ஆஸ்பத்திரி வைத்தியர். வைத்தியம் படிக்குமுன் கருவி செய்யும் தொழில் பழகியவர். வயிற்றுக்குள் கரியமில வாயுவை அளவாகச் செலுத்தும் யந்திரம், உள்ளேயே முடிச்சுப் போடும் முறை முதலியவற்றை அவரே வகுத்துக்கொண்டார். 1980 செப்டம்பரில், வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, சிறு துவாரங்களின் வழியே விளக்குக் குழாயையும் கருவிகளையும் நுழைத்து, ஒரு குடல்வாலை அறுத்து வெளியே எடுத்தார்.

வந்தது பாராட்டு அல்ல. இவரை வைத்தியம் செய்யவிடக் கூடாது என்று ஜெர்மானிய ரண சிகிச்சைச் சங்கத் தலைவர் எழுதினார். வைத்திய தர்மத்துக்கு ஒவ்வாதது என்று ஒரு பத்திரிகை இவருடைய கட்டுரையைத் திருப்பிற்று. அது அச்சேற 1983 ஆயிற்று. முன்னமே ஒரு சமயம், இவருடைய மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று சகாக்களே வற்புறுத்தியிருந்தார்கள்!

அவர்களைக் கொடியவர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. கை எட்டாத இடத்தில் இரத்தம் பீறிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம்தான். ஆனால் பயத்தைத் தீர்க்கச் சோதித்துப் பார்க்க வேண்டுமே தவிர, ஆளைத் தண்டிப்பது எப்படிப் பரிகாரமாகும்?

1985-ல் எரிக் மூஹெ என்பவர் இதே வழியில் பித்தப்பையை எடுத்தார். அவரையும் முதலில் உதறித் தள்ளிய அதே சங்கம், 1992-ல் அழைத்து விருது வழங்கியது. ஸெம் 2003-ல் காலமானார். இன்று பல ஆஸ்பத்திரிகளில் குடல்வாலுக்கு முதல் வழி அவருடைய வழியே. அது போதாத இடத்தில் டாக்டர்கள் பழையபடி வயிற்றைத் திறக்கிறார்கள். அதில் யாருக்கும் அவமானமில்லை. நோயாளி பிழைக்க வேண்டும், அவ்வளவுதானே?