காண்போர் சுவையும் படத் தேர்வும்: தஞ்சை நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி

தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இரண்டாம் இராசேந்திர சோழனது கல்வெட்டொன்று, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடு செய்ததனைக் கூறுகின்றது. ஆடிய சாந்திக் கூத்தன் பெயர் தெரிகின்றது. அவன் பெற்ற நெல்லின் அளவு தெரிகின்றது. ஆடிய விழாவும் தெரிகின்றது. ஆயின் நாடகம் நமக்குக் கிடைத்திலது. அதனைக் கண்டோர் எதனை நச்சி அங்குக் கூடினர், எவ்விடத்து நகைத்தனர், எவ்விடத்துக் கண்ணீர் உகுத்தனர் என்பனவும் தெரியவில்லை.

நாடகம் இயற்றியோர், நடித்தோர், புரந்தோர் ஆகியோர் வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பெற்றுள்ளது. கண்டோர் வரலாறோ பெரிதும் எழுதப்பெறாமலே உள்ளது. அவ் வரலாற்றின் முதல் வினா, பல காட்சிகளுள் தம் மனநிலைக்கும் சுவைக்கும் ஏற்றதொன்றனை மக்கள் எவ்வாறு தேர்ந்தனர் என்பதாம். பெரிய கோயில் நாடகத்திற்கு இவ் வினாவை எழுப்பினும் விடை காண்டல் அரிது. அதே மண்ணில் இருபதாம் நூற்றாண்டிற் பரவிய திரைப்படத்திற்கு விடை காண்டற்குரிய சான்றுகள் உள. அவை யாவை, அவற்றால் அறியக்கிடப்பது யாது என ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

பண்ணையும் காண்போரும்

ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோலைத் தொல்காப்பியமே நமக்குத் தருகின்றது. மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவில் வரும் பண்ணை என்னுஞ் சொல்லுக்கு, வேந்தரும் குறுநில மன்னரும் ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் இன்புறும் விளையாட்டிடம் என்ற கருத்துப்படப் பேராசிரியர் உரை வகுப்பர். மெய்ப்பாடு பற்றிய ஆராய்ச்சி காட்சிக் களத்தினின்றே தொடங்குகின்றது என்பது இதனாற் பெறப்படும். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் உணர்வு, உள்ளத்தெழும் குறிப்பு, உடம்பின்கண் தோன்றும் விறல் என உரையாசிரியர் நான்கு படிகளை வேறு பிரித்துக் காட்டுவர். பொருளும் உணர்வும் ஒன்றல்ல என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது. இளம்பூரணர் மேற்கோளாகக் காட்டும் செயிற்றியம், ஒருவன்பால் நிகழ்ந்தது காண்போரைச் சென்று எய்துதலே மெய்ப்பாடு என்று கொள்ளும். எனவே சுவையின் முடிவிடம் மேடையன்று, காண்போர் உள்ளமே என்பது தமிழ் மரபின் துணிபு.

எட்டு மெய்ப்பாடுகளில் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளமையும் அறிவோம். ஒரே அழுகை இழவினாலும் பிறக்கலாம். முன்னிருந்த நிலையினின்று தாழ்தலாகிய அசைவினாலும் பிறக்கலாம். இந் நுண்ணிய பாகுபாடு இலக்கியத்திற்கு மட்டுமேயன்றித் திரைப்படத்திற்கும் பொருந்துமாற்றைப் பின்னர்க் காண்பாம்.

கொட்டகை வந்த காலம்

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் துபாங் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். அந் நாளில் தேர்வுக்கு இடமில்லை. வந்ததே படம், கண்டதே வியப்பு. 1927ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று, தி. இரங்காச்சாரியார் தலைமையில் 1928இல் அறிக்கை அளித்த இந்தியத் திரைப்பட ஆய்வுக் குழு, மக்கள் எவ்வகைப் படங்களை விரும்புகின்றனர் என்பதனையும் ஆராய்ந்தது. அதற்குள் தேர்வு என்பது அரசினர் கருதும் பொருளாகி விட்டமை இதனால் விளங்கும்.

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் நடித்த டி. பி. இராசலட்சுமி திருவையாற்றிற் பிறந்தவர். அப் படத்தில் அவர் தியாகராசரின் கீர்த்தனங்களையும் பாடினார். முதற் பேசும்படமே காவிரிக் கரையின் இசையைத் தாங்கி வந்தது என்னலாம். 1934இல் வெளியான ‘பவளக்கொடி’யை இயக்கிய கே. சுப்பிரமணியம் பாபநாசத்தவர், அதிற் பாடி நடித்த தியாகராச பாகவதர் மாயூரத்திற் பிறந்தவர். ஐம்பது அளவிலான பாடல்கள் அப் படத்தில் இருந்தன.

சிற்றூர்களுக்குப் படத்தைக் கொண்டு சென்றவை கூடாரக் கொட்டகைகள். சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் நீர் வருவதற்கு முற்பட்ட காலத்திலேயே நிலம் உலர்ந்திருக்கும். கையில் நெல்லும் காசும் இருக்கும். உழவர்க்கு ஓய்வும் வாய்க்கும். டெல்டா நாட்டில் கொட்டகையின் பருவம் இவ்வாறு ஆற்றின் பருவத்தோடு இயைந்திருந்தது எனக் கருதலாம். தரையில் அமர்வோர், பெஞ்சில் அமர்வோர், நாற்காலியில் அமர்வோர் என இருக்கை வேறுபட்டது. ஆனால் எப் படத்திற்குச் செல்வது என்ற வினா மூவர்க்கும் பொதுவாயிருந்தது.

துண்டறிக்கையும் பாட்டுப் புத்தகமும்

அவ் வினாவிற்கு விடையளித்த சான்றுகள் இரண்டு. ஒன்று துண்டறிக்கை. மாட்டு வண்டியின் இரு புறமும் தட்டி கட்டிப் பறை முழக்கி வருவோர் வண்ணத் தாள்களை வீசிச் செல்வர்; சிறுவர் பின்தொடர்ந்து ஓடிப் பொறுக்குவர். எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்கத் தெருவே கேட்கும். புராணப் படம், பக்திப் படம், சரித்திரப் படம், சமூகப் படம், மாயாஜாலப் படம், சண்டைப் படம் என்னும் வகைப் பெயர்கள் இவ் வழியே மக்கள் வழக்கில் நிலைத்தன.

மற்றொன்று பாட்டுப் புத்தகம். சில அணா விலையில் கொட்டகை வாயிலிலேயே விற்கப்பெற்ற இச் சிறு நூலில் நடிகர் பெயர்களும் கதைச் சுருக்கமும் பாடல்களும் இருக்கும். முற்காலப் புத்தகங்களிற் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெறுவதுண்டு. கதைச் சுருக்கம் தலைவனோ தலைவியோ இடர்ப்படும் இடத்தில் நின்று விடும். மீதியை வெள்ளித்திரையிற் காண்க என்று முடியும். வாங்கியவர் அதனை வீட்டிற்குக் கொண்டு சென்று பாடினர், பிறர் கேட்டனர், கேட்டவர் தமக்கு ஏற்றதெனிற் படத்திற்குச் சென்றனர். இசையறிவு தெருத்தோறும் பரவியிருந்த காவிரி நாட்டில், இராகப் பெயரே ஒருவர்க்குப் போதிய அறிவிப்பாயிருந்திருத்தல் கூடும்.

இவ் விரண்டும் வேறுபடும் இடம் கருதற்பாலது. துண்டறிக்கையின் வகைப்பெயர் படத்தின் பொருளைக் கூறுகின்றது. பாட்டுப் புத்தகம் அதன் சுவையைச் சிறிது முன்னரே நுகரத் தருகின்றது. உரையாசிரியர் பிரித்துக் காட்டிய பொருளும் உணர்வும் ஈண்டு இரு தாள்களாக நம் கையில் உள்ளன.

கதையன்று, சுவையே

மக்கள் கதைக்காகவே படத்தைத் தேர்ந்தனர் என்று கூறுவோர் உளர். அவ்வாறாயின் தெரிந்த கதைக்கு எவரும் சென்றிரார். நந்தனார் கதை பெரியபுராணத்தால் முன்னரே தெரிந்தது. ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் ஊர்தோறும் பரவியது. எனினும் 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. அதில் நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் அளித்தமை நாடறிந்த செய்தி. 1942இல் செமினி நிறுவனத்தாரின் ‘நந்தனார்’ வந்தபோது, திருச்செங்காட்டங்குடியிற் பிறந்த தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார். கதை ஒன்றே; குரல் வேறு; எனவே சுவை வேறு. கண்ணகி கதையும் அவ்வாறே. 1942இல் இளங்கோவன் உரையாடலோடு ‘கண்ணகி’யாகவும், 1964இல் மு. கருணாநிதி உரையாடலோடு ‘பூம்புகார்’ ஆகவும் அது திரைக்கு வந்தது. சிலப்பதிகாரத்தின் முடிவை அறிந்தவரும் இரண்டிற்கும் சென்றனர். அவர் தேடியது முடிவையன்று. உரையின் மிடுக்கையும் அது தம்முள் எழுப்பும் வெகுளியையும் பெருமிதத்தையுமே. 1952இல் ‘பராசக்தி’ வெளிவந்த பின்னர், பாட்டுப் புத்தகத்தோடு வசனப் புத்தகமும் விற்பனையானமை இச் சுவை மாற்றத்திற்குச் சான்றாகும்.

இது சுவையன்று, நடிகர்பால் கொண்ட மயக்கமே என மறுப்பாரும் உண்டு. மயக்கம் இருந்தது உண்மை. ஆயினும் நடிகர் பெயர் ஒரு குறியீடாகவும் பயன்பட்டது என்பதனை மறுத்தல் இயலாது. பாகவதர் படம் என்றால் பாட்டு எனப் பொருள். பிற்காலத்தில் எம்.ஜி.ஆர். படம், சிவாசி படம் என்பன புராணப் படம், சமூகப் படம் என்பனபோல வகைப்பெயர்களாகவே வழங்கின. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறிய நிலைக்களன்களுள் தறுகண்மையும் கொடையும் ‘நாடோடி மன்னன்’ (1958) போன்ற படங்களிற் காண்போர் எதிர்பார்த்தவை. அழுகைக்குக் கூறிய இழவும் அசைவும் ‘பாசமலர்’ (1961) படத்தில் உள்ளன. வாழ்ந்த அண்ணன் தாழ்ந்து அழியும் நிலையைக் கண்டு அழுதற்கென்றே மக்கள் மீண்டும் சென்றனர். திருத்துறைப்பூண்டியிற் பிறந்த எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) தன் முரசு நடனத்தாற் காட்டியது மருட்கையின் நிலைக்களன்களாகிய புதுமையும் பெருமையுமே. மெய்ப்பாட்டியலைக் கல்லாதவரும் மெய்ப்பாட்டின் வழியே தேர்ந்தனர் என்பது இவற்றாற் பெறப்படும் முடிபு.

புலவர் தீர்ப்பும் காண்போர் தீர்ப்பும்

இதழ்களில் மதிப்புரை எழுதும் வழக்கம் வளர்ந்தபோது, தேர்விற்கு மூன்றாவதொரு துணை கிடைத்தது. மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தவரான கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் பற்றி எழுதினார். ‘பக்த நந்தனா’ரை அவர் கடுமையாகக் குறை கூறியதும் அறியத்தக்கது. கற்றோர் பலர் இத்தகைய மதிப்புரைகளைக் கொண்டு தேர்ந்தனர். அதனால் இதழ் படிப்போர் தேர்வு, பாட்டுப் புத்தகம் பாடுவோர் தேர்வு என இருவேறு வழிகள் உண்டாயின. முன்னது எழுத்தில் நின்றமையால் ஆய்வாளர் கண்ணிற்படுகின்றது, பின்னது மறைகின்றது. பின்னதனை இழிந்ததெனக் கருதி ஒதுக்குதல் தகுமா?

இதற்கு நந்தனார் கீர்த்தனையின் வரலாறே விடை கூறும். பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டியபோது, அதிலிருந்த இலக்கணப் பிழைகளைக் கருதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலந் தாழ்த்தனர். பின்னர் ஒரு நாள் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தனர். இச் செய்தியை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். பிள்ளையவர்கள் பிழையைப் பிழையன்று எனக் கூறினாரல்லர். தம் கண்ணீரையும் ஒரு சான்றாக ஏற்றார். கொட்டகைத் தரையில் அமர்ந்தோர் கண்ணீரையும் சான்றாக ஏற்பதே ஆராய்ச்சி நேர்மையாகும்.

முடிவுரை

இன்று இணையவழிப் படத் தளங்கள், ஒருவர் முன்னர்க் கண்டவற்றைக் கணக்கிட்டு, இனிக் காணத்தக்கவை இவை என அடுக்கித் தருகின்றன. மனத்தை நெகிழ்விப்பவை, அச்சுறுத்துபவை, நகைப்பூட்டுபவை எனச் சுவைப்பெயரே அங்கு வகைப்பெயராகியுள்ளது. இது முற்றிலும் புதிதன்று என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். வேறுபாடு ஒன்றே: அன்று தெருவில் ஒருவர் பாட, மற்றொருவர் கேட்டுத் தேர்ந்தனர், இன்று தனியொருவர்க்குக் கருவி தேர்கின்றது. முன்னதன் சுவடு தாளில் எஞ்சியுள்ளது. பின்னதன் சுவடு நம் கைக்கு எட்டாத இடத்தில் உள்ளது.

அத் தாளும் அழிந்து வருகின்றது. பாட்டுப் புத்தகமும் துண்டறிக்கையும் மலிவான தாளில் அச்சிடப்பெற்றவை; ஈரக்காற்றும் கரையானும் மிகுந்த ஆற்றங்கரை ஊர்களில் அவை நெடுநாள் நில்லா. கோட்டையூர் ரோசா முத்தையா செட்டியார் தனியொருவராய்த் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரால் வாங்கப்பெற்று, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அத்தகைய தொகுப்பு முயற்சி காவிரிப் படுகையின் திரைத் தாள்களுக்கும் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பழைய பெட்டிகளில் உள்ளவற்றைப் படியெடுத்து, வைத்திருந்தவர் அப் படத்தை ஏன் தேர்ந்தார் என்பதனையும் கேட்டெழுதுவாராயின், இப் பகுதிக்கு ஒரு மூலநூல் கிடைத்ததாகும். கேட்டற்குரியவர் இன்று முதுமை எய்தியுள்ளனர், காலம் நீளாது.

முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடக நூல்கள் தம் காலத்திலேயே முழுமையாகக் கிடைத்தில என்று அடியார்க்குநல்லார் வருந்துவர். அவற்றுட் செயிற்றியத்தின் சில நூற்பாக்கள், உரையாசிரியர் எடுத்தெழுதியமையால் மட்டுமே எஞ்சின. காண்போரே சுவையின் முடிவிடம் என்னுங் கருத்தும் அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்று. அதனை நமக்குக் காத்தளித்தவர் எழுதி வைத்தவரே. அக் கடன் இப்போது நம்முடையது.