அடுக்குப் பெட்டியும் உருவமும்: சில குறிப்புகள்

தேவைதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. கவிதையை வைத்து இதைச் சோதிக்கப் போனால் சண்டைதான் மிஞ்சுகிறது. தேவை எது என்பதிலேயே இருவர் ஒத்துப்போவதில்லை. புத்தகம் வைக்கும் பெட்டியை வைத்துச் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தேவையை அளக்க ஓர் அடிக்கோல் போதும்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிகளை அமெரிக்காவில் வெர்னிக்கி என்பவர் 1890களில் விற்கத் தொடங்கினார். 1899இல் சின்சினாட்டியின் க்ளோப் கம்பெனியோடு இணைந்து அது க்ளோப்-வெர்னிக்கி ஆயிற்று. நம் ஊர்ப் பழைய வக்கீல் வீடுகளில் சட்டப் புத்தகங்கள் தூங்குவது இந்த ஜாதிப் பெட்டிகளில்தான். வைத்த பெயர் ‘எலாஸ்டிக்’ - புத்தகம் பெருகப் பெருகப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம், அலமாரிக்கு முடிவே கிடையாது என்ற பொருளில். ஆனால் கீழே ஒரு பீடமும் மேலே ஒரு கிரீடமும் தனித்தனியே விற்றார்கள். முடிவற்றது என்று விளம்பரம் செய்த பொருளுக்கு அடியும் முடியும் தேவைப்பட்டிருக்கிறது. ‘இது மரச்சாமான்தான், பயப்படாதீர்கள்’ என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

1925 பாரிஸ் கண்காட்சியில் லெ கொர்புஸியே பீடத்தையும் கிரீடத்தையும் எறிந்துவிட்டார். ஒரே அளவுத் திட்டத்தில் அமைந்த பெட்டிகள், கால்மேல் நின்று, அறையை அறையிலிருந்து பிரித்தன. அலமாரி சுவரானது. கருத்தளவில் இது பெரிய காரியம். ஆனால் பெட்டி இன்னும் பெட்டிதான். ஒரு பெட்டியை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் நடுவில் இரண்டு பலகை நிற்கும். இணைப்பைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலைப்பட்டவர் ஃப்ரிட்ஸ் ஹாலர். ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் அருகே ம்யூன்ஸிங்கன் என்ற ஊரில் 1885இல் பூட்டு, இரும்புச் சாமான் செய்யத் தொடங்கிய ஷேரர் குடும்பத்தின் பேரன் பால் ஷேரர், 1960களின் தொடக்கத்தில் ஹாலரிடம் புதிய தொழிற்சாலைக் கட்டடம் கேட்டார். ஹாலர் எஃகுச் சட்டங்களால் நீட்டவும் குறைக்கவும் கூடிய கட்டடம் கொடுத்தார். பிறகு அதே கம்பெனியின் ஆபீசுக்கு மேஜையும் அடுக்கும் வேண்டியிருந்தன. கட்டடத்தின் சிந்தனை அப்படியே சுருங்கி அலமாரிக்கு வந்தது. குரோமியம் பூசிய பித்தளை உருண்டை ஒன்று. அதில் ஆறு மரைத் துளைகள் - மேல், கீழ், இடம், வலம், முன், பின். துளைகளில் எஃகுக் குழாய்கள், குழாய்களுக்கிடையே வண்ணத் தகடுகள். அவ்வளவுதான். 1965இல் உற்பத்தி தொடங்கியது. 1969இல் பாரிஸின் ராத்ஸ்சைல்ட் வங்கி 600 பேருக்கான இருக்கை வசதிகளை ஒரேயடியாக ஆர்டர் செய்ததும் அது ஊர்ச்சரக்கு என்ற நிலையிலிருந்து விலகிற்று. 2001இல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

ஹாலர் பிற்பாடு லாஸ் ஏஞ்சல்ஸில் கொன்ராட் வாக்ஸ்மானுடன் வேலை செய்தார். வாக்ஸ்மான் வாழ்நாளெல்லாம் ஒரு முடிச்சைத் தேடியவர்: எந்தச் சுவரும் எந்தச் சுவரோடும் சேரும்படியான ஓர் உலோக இணைப்பு. க்ரோபியஸுடன் 1940களில் அவர் வகுத்த தொழிற்சாலை வீடு அற்புதமான சிந்தனை. விற்றவை மிகச் சில. வீட்டில் தோற்றது அலமாரியில் ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முடிச்சு நமக்குப் புதிதல்ல. யாப்பு என்றாலே கட்டுதல். சீர் முக்கியமல்ல, ஒரு சீர் அடுத்த சீரோடு எப்படிச் சேரும் என்ற தளைதான் பாவைத் தீர்மானிக்கிறது. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளத்தையும் காயையும் அடுத்து நேர். இந்தச் சின்ன விதி போதும், எத்தனை அடி வேண்டுமானாலும் நீளலாம். ஹாலரின் உருண்டை ஒரு தளை. அதை வாங்குகிறவர் அலமாரி வாங்குவதில்லை, ஒரு யாப்பை வாங்குகிறார். பாட்டை அவரே கட்டிக்கொள்ள வேண்டும். (புதுக்கவிதைக்காரர்கள் தளையைத் தூக்கி எறிந்த பின்னும் வரியை எங்கே முறிப்பது என்ற கேள்வியிலிருந்து தப்பவில்லை என்பது வேறு விஷயம்.)

சரி, அளவுகள் எங்கிருந்து வந்தன? 1922இல் ஜெர்மனி காகித அளவைத் தரப்படுத்தியது; A4 கோப்பு நிற்க ஏறக்குறைய 350 மில்லிமீட்டர் கட்டம் தேவை. ஹாலர் அளவுகளில் 350 உண்டு. இது தேவையின் எண். இதே போல நம் ஊரில் ஆசாரி செய்யும் அடுக்குக்கும் ஓர் எண் உண்டு. பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. நீளவாக்கில் நான்கு பட்டை அறுத்தால், ரம்பம் தின்பது போக, ஒவ்வொன்றும் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. ஆழம் அதுதான், வாங்குபவர் என்ன கேட்டாலும் ஆசாரி மெல்ல அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார், பலகை வீணாகாமல். புத்தகத்துக்குப் போதும். இசைத்தட்டு உறை கொஞ்சம் வெளியே நீட்டும். நடுவில் தைத்த, முதுகில்லாத சிறுபத்திரிகையோ எந்த ஆழத்திலும் நிற்காது, சரிந்து மடங்கும்; அதற்கு நின்ற கட்டம் உதவாது, படுத்த தட்டுதான் வேண்டும்.

இசைத்தட்டுக்காரர்களின் தேவை தற்செயலாகப் பூர்த்தியான இடம் ஸ்வீடனின் ஐக்கியா. எக்ஸ்பெடிட் என்ற அதன் சதுரக் கட்ட அலமாரியில் 12 அங்குலத் தட்டு உறையோடு பொருந்தியது. 2014இல் அதை நிறுத்தி, வெளிச்சட்டம் மெலிந்த காலக்ஸைக் கொண்டுவந்தபோது ஜெர்மனியில் தட்டு சேகரிப்பவர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். உள்கட்டம் பழைய அளவுதான் என்று தெரிந்ததும் அடங்கிற்று. அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஒரு சாமானை அல்ல, ஓர் எண்ணை.

உண்மையான சிக்கல் ஜெர்மன் நீதிமன்றத்தில் எழுந்தது. ஹாலர் உருண்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு வியாபாரி முதலில் உதிரிப் பாகங்கள் விற்றார்; பிறகு முழு அலமாரியே கட்டும் அளவுக்கு எல்லாப் பாகங்களையும் விற்றார். கம்பெனி வேறு ஆயுதம் எடுத்தது: இது கலைப் படைப்பு, ஆகவே ஆசிரியர் உரிமை உண்டு. 2020இல் ட்யூஸல்டார்ஃப் கீழ் நீதிமன்றம் ஆம் என்றது. 2022இல் மேல் நீதிமன்றம் இல்லை என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் கேள்வியை லக்ஸம்பர்க்குக்கு அனுப்பியது. 2025 டிசம்பரில் பதில் வந்தது. தொழில்நுட்பம் வேறு வழி விடாத இடத்தில் படைப்பு இல்லை. சுதந்திரமான தேர்வில் ஆளுமை பதிந்திருந்தால் உண்டு. பிற்பாடு கண்காட்சியில் வைத்தார்கள் என்பது தீர்மானமான சாட்சியமாகாது.

நவீன வடிவமைப்பு தனக்கு ஆசிரியரே இல்லை, தேவைதான் தன்னை எழுதியது என்று பெருமையடித்துக்கொண்டு வந்தது. இப்போது சொத்து என்று வந்ததும் ஆசிரியர் தேடப்படுகிறார். இந்த முரணில் எனக்கு ஒரு குரூர சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் கம்பெனியின் வாதம் முழுக்கப் பொய்யும் அல்ல. 350 காகிதம் தந்தது. உருண்டை அப்படியல்ல. மூலையில் கனசதுரத் துண்டு வைத்தாலும் குழாய் பிடிக்கும். இணைப்பைத் தகட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாலும் அலமாரி நிற்கும். உருண்டையாக்கி, மினுக்கி, ஒவ்வொரு மூலையிலும் கண்ணில் படும்படி வைத்தது யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த தேர்வு. அந்தத் தேர்வு ஹாலருடையது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, அந்த உருண்டையை வாங்கி வேறொருவன் கட்டிய வரிசைகளும் அவருடையவை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வெண்பாவுக்கு ராயல்டி கேட்டிருந்தால் தனிப்பாடல் திரட்டே இருந்திருக்காது.